மருத்துவர் எதை வேண்டாம் என்கிறார்? புரோஸ்டேட் சிகிச்சை பற்றிச் சில விளக்கங்கள்

அப்பாவுக்கு 68 வயது. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஸ்கேனில் புரோஸ்டேட் சுரப்பி 62 கிராம் என்று வந்திருக்கிறது. பார்த்த மருத்துவர் நீராவி சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார். அவருடைய பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வெளிநாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. அவரை நம்பலாமா, கத்தி படாத சிகிச்சைகளில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த அறுவைகளைச் செய்து ஓய்வுபெற்றவன் நான். என் அனுபவத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாது. எது சிறந்தது என்பது உங்கள் அப்பாவின் சுரப்பி எப்படி வளர்ந்திருக்கிறது, அவருடைய சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்கிறது, சிகிச்சைக்காக எதை இழக்க அவர் சம்மதிப்பார் என்பதைப் பொறுத்தது. இவற்றையெல்லாம் விசாரித்துவிட்டு, "இந்த முறை உங்களுக்குச் சரிவராது" என்று ஒன்றையாவது தள்ளிவைக்கிற மருத்துவரின் பரிந்துரைக்குத்தான் மதிப்பு. கையில் ஒரே ஒரு கருவி வைத்திருப்பவரிடம் போனால், வருகிற எல்லோருக்கும் அந்தக் கருவியே பொருத்தமாக இருக்கும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிறுநீரகவியல் என்று பலகையில் எழுதியிருந்தால் நம்மில் பலர் அதுதான் இடம் என்று உள்ளே நுழைந்துவிடுகிறோம். அங்கே இருப்பவர் நெஃப்ராலஜிஸ்ட். சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் ஆகியவற்றைப் பார்க்கும் பொதுமருத்துவப் பிரிவினர். புரோஸ்டேட்டுக்குப் பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட். அவர் அறுவை மருத்துவர்; சிறுநீரியல் என்று எழுதியிருக்கும். ஓரிரண்டு எழுத்து வேறுபாட்டுக்காக ஒரு மாதம் வீணாக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

யூராலஜிஸ்ட் ஆவதற்கு அடிப்படை மருத்துவப் படிப்பு, பொது அறுவையில் பயிற்சி, அதன்மேல் சிறுநீரியலில் தனிப் பயிற்சி என்று ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். நாட்டுக்கு நாடு பட்டத்தின் பெயர் மாறும்; உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பட்டம் அசலா, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று மருத்துவ கவுன்சில் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் பட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பட்டம் வாங்கியபின் அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதுதான் தெரிய வேண்டியது.

ஏனென்றால் இது கையால் கற்கும் தொழில். உடலைத் திறக்காமல் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் வளர்ந்த துறை இது. 1877இல் மாக்ஸிமிலியன் நீட்சே என்ற ஜெர்மானியர் சிறுநீர்ப்பைக்குள் விளக்கோடு போகும் குழாயைச் செய்து காட்டினார். 1926இல் நியூயார்க்கின் மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் அதே பாதையில் மின்கம்பி வளையத்தை நுழைத்து, புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் கருவியை உருவாக்கினார். 1959 வாக்கில் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலர் குழாய்க்குள் கண்ணாடித் தண்டுகளை அடுக்கிவைத்ததும், மங்கலாகத் தெரிந்த உட்புறம் பளிச்சென்று தெரியத் தொடங்கியது. ஆக, "நவீன, கத்தியில்லாச் சிகிச்சை" என்று விளம்பரம் செய்யப்படும் வழி எங்களுக்குப் பாட்டனார் காலத்து வழி. மாறியதெல்லாம் குழாயின் முனையில் இருக்கும் கருவி மட்டுமே.

இனி சுரப்பிக்கு வருவோம். இளைஞனுக்கு ஏறக்குறைய 20 கிராம். ஓர் அக்ரூட் கொட்டை அளவு. சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் உட்கார்ந்திருக்கிறது. வயதாக ஆக அதன் உட்பகுதி வளர்கிறது. அறுபதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுண்ணோக்கியில் இந்த வளர்ச்சி தெரியும். எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயில் பெரும்பங்கு சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

62 கிராம் என்ற எண் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். எடையை வைத்துத் தொல்லையை அளக்க முடியாது. 100 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. 30 கிராமில் சொட்டுச் சொட்டாகக் கழித்துக்கொண்டு தவிக்கிறவர்களும் உண்டு. வளர்ச்சி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதே முக்கியம். சுரப்பியின் பகுதிகளை மடல்கள் என்போம்; பக்கவாட்டு மடல்கள் இரண்டும் பெருத்தால் நடுவிலுள்ள பாதை, இழுத்துச் சாத்திய திரைச்சீலைகளுக்கு நடுவே தெரியும் கீறல்போல் ஆகிவிடும். நடுமடல் பெருத்துச் சிறுநீர்ப்பைக்குள் எழும்பினால் விஷயமே வேறு. அகநோக்கியில், அதாவது விளக்கோடு உள்ளே போகும் அந்தக் குழாயில், பார்த்தால் சிறுநீர்ப்பையின் வாயில் ஒரு சதைப்பந்து உட்கார்ந்திருப்பது தெரியும். மனிதர் முக்கும்போதெல்லாம் அந்தப் பந்து வாயை வந்து அடைக்கும். முக்க முக்க அடைப்பு கூடும். இவருக்குப் பக்க மடல்களை மட்டும் ஒதுக்கிக் கட்டும் சிகிச்சையைச் செய்து என்ன பயன்?

சிறுநீர்ப்பையின் சுவரையும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பையின் உட்சுவர் வழவழப்பாக, வெளிர் இளஞ்சிவப்பாக, மெல்லிய இரத்தக் குழாய்க் கோடுகளோடு இருக்கும். பல ஆண்டுகள் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைத்த பையின் சுவரில் தசைநார்கள் ஆலமர வேர்கள்போல் புடைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்; அவற்றுக்கு இடையில் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த கணமே தெரிந்துவிடும், இவர் தாமதமாக வந்திருக்கிறார் என்று. எல்லோரும் புரோஸ்டேட்டைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அடி வாங்குவது சிறுநீர்ப்பை. அடைப்பை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். தளர்ந்துபோன பையின் பழைய வலுவை முழுதாகத் திருப்பிக் கொடுக்க எந்த லேசருக்கும் தெரியாது.

இதை நான் ஒரு நோயாளியின் செலவில்தான் கற்றேன். பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒருவருக்கு அறுவை செய்தேன். கழித்த பிறகும் அரை லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தது. நானோ அடைப்பை மட்டும்தான் பார்த்தேன். பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அறுவை என்னவோ அழகாக அமைந்தது. பாதை சுரங்கம்போல் திறந்து கிடந்தது. ஆனாலும் அவரால் கழிக்க முடியவில்லை. தள்ளுவதற்குப் பையில் வலு இல்லை. தினமும் நான்கு முறை தானே குழாய் விட்டு எடுக்கப் பழகிக்கொண்டார். என்னை அவர் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு மருத்துவரிடம், "உங்களுக்குச் சரியாக அமையாத அறுவை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் அப்படி ஒன்றுமே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகவே சிகிச்சையைப் பேசுமுன் சோதனைகள். ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. உலகமெங்கும் பயன்படுவது, கேள்விக்கு 5 வீதம் 35 மதிப்பெண். 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. அதன் கடைசியில் எட்டாவதாக ஒரு கேள்வி: "வாழ்நாள் முழுதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" எனக்கு மற்ற ஏழையும்விட இதுவே முக்கியமாகப் பட்டது. அடுத்து, புனல்போன்ற கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளப்பார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது. 10க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கக்கூடும். 150 மில்லியாவது கழித்தால்தான் அந்த வரைபடத்துக்குப் பொருள். கழித்தபின் எவ்வளவு தேங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பது, சிறுநீர்ச் சோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தடயம் தரக்கூடிய பி.எஸ்.ஏ. ஆகிய இரத்தச் சோதனைகளும் உண்டு. மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு அப்பா கூச்சப்படுவார். சில நொடிகளில் முடிந்துவிடும் என்று சொல்லிவையுங்கள்.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது காசே செலவில்லாத சோதனை. மூன்று நாளைக்கு, ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் அளவுக்குவளையில் பிடித்து நேரத்தோடு எழுதிவைப்பது. இரவில் ஐந்து முறை எழுகிறேன், அறுவை செய்துவிடுங்கள் என்று உறுதியாக வந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பழைய வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு, சிவப்பு மையில் கூட்டுத்தொகை எழுதி ஏட்டைக் கொண்டுவந்தார். பகலில் கழித்தது 700 மில்லி; படுத்தபின் கழித்தது 1,400. முதியவர்களுக்கு ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால் அது சுரப்பியின் குற்றம் அன்று. உடல் இரவில் அதிகமாகச் சிறுநீரை உற்பத்தி செய்கிறது. அவருக்கு மாலையில் கால் வீங்கும். பகலெல்லாம் காலில் தங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கியது. இதய மருத்துவரிடம் அனுப்பினேன். மருந்து வேளைகளை மாற்றி, மாலையில் கால்களை உயர்த்தி வைக்கச் சொன்னதும் ஐந்து இரண்டானது. கத்தி, நீராவி, லேசர் எதற்கும் வேலை இருக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் முதல் தொல்லை இரவில் எழுவதுதான் என்கிறீர்கள். நீராவிக்கு முன் அந்த ஏட்டைப் போட்டாயிற்றா? உறக்கத்தில் மூச்சுத் திணறல், சர்க்கரை நோய் ஆகியவையும் இரவில் எழுப்பும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை பாதையின் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். எழுந்து நின்றால் தலைசுற்றலாம், விந்து வெளிவருவது குறையலாம். கண்புரை அறுவை செய்யப்போகிறவர் இந்த மாத்திரையைக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கண்மணிப் பாவையைச் சுற்றியுள்ள கருவிழித்திரை அறுவையின்போது தொளதொளத்துவிடும் என்பது 2005இல் பதிவானது. ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும். ஆறு மாதம் பொறுக்க வேண்டும். டொமினிகன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில், ஒரு நொதி குறைவாக இருந்ததால் புரோஸ்டேட் வளராமலே வாழ்ந்த ஆண்களைப் பற்றி 1974இல் வெளிவந்த ஆய்வுதான் இந்த மருந்துக்கு வித்து. இதைச் சாப்பிடுகிறவருக்குப் பி.எஸ்.ஏ. எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். தாளில் 2 என்றிருந்தால் 4 என்று படிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவது நான் அடிக்கடி கண்ட தவறு.

மருந்து போதவில்லை, அல்லது வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டாம் என்றால் அடுத்தது சிகிச்சை. ஒப்பிடுவதற்கு அளவுகோலாக இருப்பது டி.யு.ஆர்.பி. என்கிற பழைய அறுவை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு, சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் சதையைச் சீவல் சீவலாக எடுப்பது. சீவல்கள் மிதந்து பைக்குள் போகும். கடைசியில் உறிஞ்சி எடுத்து, கண்ணாடிக் குடுவையில் பார்த்தால் தேங்காய்ச் சில்லு ஊறியதுபோல் இருக்கும். முன்பு கழுவுவதற்காக உள்ளே ஓடவிட்ட கிளைசின் கலந்த நீர் இரத்தத்தில் ஏறி உப்பின் அளவைக் குலைத்து, நோயாளி மேசையிலேயே குழம்பிப் பேசத் தொடங்கும் ஆபத்து இருந்தது; அதனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். இருமுனை மின்கருவி வந்தபின் உப்புநீரிலேயே செய்ய முடிகிறது. அந்தப் பயம் நீங்கிவிட்டது. பலன் நீடிக்கும். விலை என்னவென்றால், மூன்றில் இரண்டு பேருக்கு மேல் விந்து முன்னால் வராமல் பைக்குள் போய்விடும். இன்பம் இருக்கும், விறைப்பும் பெரும்பாலும் கெடாது, வெளியே ஒன்றும் வராது.

குறைந்த ஊடுருவல் முறைகள் என்று இப்போது சொல்லப்படுபவற்றில் பலவும் இந்த விலையைக் குறைக்க வந்தவை. அவற்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொன்றும் வேறொரு விலை கேட்கிறது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட நீராவி முறை ரெஸூம். அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. அகநோக்கி வழியே ஓர் ஊசியைச் சுரப்பிக்குள் செலுத்தி, 103 டிகிரி நீராவியை 9 நொடி விடுவார்கள். அளவைப் பொறுத்துச் சில இடங்களில் இப்படிச் செய்ய, மொத்தம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பத்தில் அந்தத் திசு இறக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: திசு அன்றைக்கே வெளியேறிவிடுவதில்லை. உடல் அதைக் கரைத்து உறிஞ்ச வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் சுரப்பி வீங்கி முன்பைவிட அடைக்கும். அதனால்தான் மூன்று முதல் ஏழு நாள் வரை குழாய். எரிச்சலும் அவசரமும் இரண்டு மூன்று வாரம் படுத்தும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம். "காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம்" என்பது உண்மை. வீட்டுக்குப் போய் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அடிப்படை ஆய்வு 30 முதல் 80 மில்லி வரையிலான சுரப்பிகளில் நடந்தது; அறிகுறிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன; ஐந்தாண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டவர் 100க்கு 4.4 பேர். நடுமடலுக்கும் செய்யலாம். விந்து வெளியேற்றம் பெரும்பாலோருக்குக் காப்பாற்றப்படுகிறது. ஸ்கேனில் கிராமும் மில்லியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக 62 என்பது இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவர் சொன்னது தவறான யோசனை இல்லை. ஆனால் பையில் நிறையத் தேங்குகிறது, அல்லது ஏற்கெனவே முழு அடைப்பு வந்து குழாய் போட்டிருக்கிறார் என்றால் நான் இதை முதலில் கையில் எடுக்கமாட்டேன்.

யூரோலிஃப்ட் என்பது 2013இல் வந்தது. எதையும் வெட்டுவதில்லை, சுடுவதில்லை. சிறு உலோகக் கொக்கியும் நூலும் வைத்துப் பக்க மடல்களை இழுத்துக் கட்டிவிடுவது. திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுவதுபோல. விந்து வெளியேற்றத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. பலருக்குக் குழாயே தேவைப்படாது. மறுநாளே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பலன் மிதமானது, ஐந்தாண்டுகளில் 100க்கு 13 அல்லது 14 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. எழும்பிய நடுமடலுக்கு இது ஏற்றதன்று. இளைய வயதில், சிறிய சுரப்பியோடு, விந்து வெளியேற்றம் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு நல்ல வழி. ஐடிண்ட் என்ற இன்னொன்று, மடிப்புக் கம்பியை உள்ளே ஐந்து முதல் ஏழு நாள் வைத்து அழுத்தி வழி உண்டாக்கிவிட்டு எடுத்துவிடுவது. சிறிய சுரப்பிகளுக்கு மட்டும்.

அக்வாபிளேஷனில் வெப்பம் கிடையாது. அழுத்தமான உப்புநீர்த் தாரையே கத்தி. மலக்குடல் வழியே ஸ்கேன் கருவியை வைத்துச் சுரப்பியின் படத்தைத் திரையில் பார்த்தபடி, எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று மருத்துவர் கோடு வரைவார். ரோபோ சில நிமிடங்களில் வெட்டி முடிக்கும். விந்து வரும் வழியைச் சுற்றிக் கொஞ்சம் விட்டுவைத்து வரைய முடிகிறது. டி.யு.ஆர்.பி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் விந்து வெளியேற்றம் இழந்தவர்கள் அங்கே 36 சதவீதம், இங்கே 10 சதவீதம். மயக்க மருந்தும் வேண்டும், இரத்தக் கசிவையும் கவனமாக நிறுத்த வேண்டும்; ஆகவே இதை "சின்னச் சிகிச்சை" என்று அழைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஹோலெப் என்கிற லேசர் அறுவை. என் சார்பை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். என் கடைசிப் பத்தாண்டுகள் இதிலேயே போயின. 1901இல் லண்டனில் பீட்டர் ஃப்ரேயர், வயிற்றுவழியே சிறுநீர்ப்பையைத் திறந்து விரலை விட்டு, சுரப்பியின் வளர்ந்த பகுதியை அதன் உறையிலிருந்து தோண்டி எடுத்தார். ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுச் சுளைகளை மட்டும் எடுப்பதுபோல. சுளைக்கும் தோலுக்கும் நடுவே இயற்கையே ஒரு தளம் வைத்திருக்கிறது. டி.யு.ஆர்.பி. என்பது அதே ஆரஞ்சை நடுவிலிருந்து கரண்டியால் சுரண்டுவது. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியது மறுபடி வளரும். 1990களில் நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் அவருடைய குழுவினரும் ஃப்ரேயரின் விரல் செய்த வேலையை ஹோல்மியம் லேசரிடம் கொடுத்தார்கள். அந்த லேசர் திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் போகாது; அதனால் தளம் தளமாகப் பிரிக்கலாம், பிரிக்கும்போதே இரத்தக் குழாய்களை அடைக்கலாம். முழுதாகப் பிரிந்த மடல்களைப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். 40 கிராமோ 200 கிராமோ, அளவு தடையில்லை. மறு அறுவை மிக அரிது.

இதற்கும் விலை இருக்கிறது. விந்து பின்னோக்கிப் போவது டி.யு.ஆர்.பி. அளவுக்கே. சில வாரங்களுக்கு இருமினாலோ எழுந்தாலோ சொட்டுவது பலருக்கு உண்டு. கற்பதற்கும் கடினம், ஒருவருக்குக் கை பழக இருபது முதல் ஐம்பது அறுவைகள் வரை ஆகும். அந்தத் தளத்தைக் கண்டுபிடிக்கும் கணத்தை நான் மறப்பதில்லை. திரையில் எல்லாம் இளஞ்சிவப்புக் குழப்பமாக இருக்கும். சரியான இடத்தில் முனையால் லேசாகத் தள்ளினால், திடீரென்று வெண்மையான மெல்லிய நார்கள் விரிந்து மடல் தானாக விலகும். அந்த வெண்மை தெரியாமல் முன்னேறுகிறவர் உறையைத் துளைத்துவிடுவார். முதல் பத்து நோயாளிகளுக்குப் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்க வேண்டும், எனக்கு நின்றார்.

பச்சை லேசரால் ஆவியாக்கும் முறை, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உதவும். ஆனால் பயாப்சிக்கு, அதாவது புற்று இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, சதை மிஞ்சாது. தொடை அல்லது மணிக்கட்டின் இரத்தக் குழாய் வழியே போய்ச் சுரப்பிக்கு வரும் தமனியைத் துகள்களால் அடைக்கும் முறையும் இருக்கிறது. அதைச் செய்பவர் யூராலஜிஸ்ட் அல்லர், கதிரியக்கத் துறையினர். மயக்க மருந்து தாங்காத முதியவருக்கு, பெரிய சுரப்பிக்கு, இது நல்ல மாற்று. தன்னால் செய்ய முடியாத இந்த முறையை உங்களுடைய யூராலஜிஸ்ட் தானாகவே எடுத்துச் சொன்னால், அவருடைய பின்னணியைப் பற்றி அது எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்கிறது. நுண்ணலையால் சூடாக்குவது, ஊசிமுனையால் சுடுவது என்று என் காலத்தில் கொடிகட்டிப் பறந்த சில முறைகள் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. அன்றைக்கும் அவை "நவீனம்" என்றுதான் விற்கப்பட்டன.

புற்றுநோய் பற்றி இரண்டு வார்த்தை. மேலே சொன்ன எந்தச் சிகிச்சையும் புரோஸ்டேட்டை முழுதாக எடுப்பதில்லை; வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. ஆகவே சிகிச்சைக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட வேண்டாம். எண் உயர்ந்தால் உடனே பயாப்சி என்று ஓடாமல், முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பது இப்போதைய வழக்கம். புற்றுநோய் என்றே வந்தாலும் எல்லோருக்கும் அறுவை இல்லை. பிரிட்டனில் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வில், 15 ஆண்டுகள் கழித்துப் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் ஒட்டுமொத்தத்தில் 100க்கு 3 பேருக்கும் குறைவு. மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. புற்றுநோய்க்குச் செய்யும் ரோபோ அறுவையைப் பற்றியும் கேட்பீர்கள். இரத்த இழப்பு குறையும், வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். சிறுநீர் அடக்கமும் விறைப்பும் மீள்வது ரோபோவை இயக்குபவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

இனி உங்கள் அப்பாவுக்கு. அடுத்த முறை போகும்போது அப்பாவையே பேசவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் விந்து, விறைப்பு பற்றி அவர் வாய் திறக்கமாட்டார் என்றால் வெளியே நில்லுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. நடுமடல் இருக்கிறதா? கழித்தபின் எவ்வளவு தேங்குகிறது? இந்த நீராவி முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? எங்கேயோ நடந்த ஆய்வின் எண்ணிக்கையை ஒப்பிக்காமல் தன் சொந்தக் கணக்கைச் சொல்கிறாரா பாருங்கள். அப்பாவுக்கு இது ஏன், ஹோலெப் ஏன் வேண்டாம்? அதற்கு "அது பெரிய ஆபரேஷன்" என்பது பதிலாகாது. "விந்து வெளியேற்றம் வேண்டும் என்று அவர் சொன்னார், தேக்கம் 40 மில்லிதான், நடுமடல் சிறியது" என்றால் அது பதில்.

அவசரம் இல்லாதவரை யோசிக்க நேரம் இருக்கிறது. ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு புடைத்து வலித்தால், கிரியேட்டினின் ஏறினால், காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்தால், இரத்தம் கட்டிக் கட்டியாகப் போனால் அந்த நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளிக்கு மருந்துக்கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சில, இத்தகைய முழு அடைப்பை ஒரே இரவில் கொண்டுவந்துவிடும். அவற்றை அப்பா கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

அதற்கு முன், இன்றே ஓர் அளவுக்குவளை வாங்கிக் குளியலறையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் கயிறு கட்டிய பேனாவும். மூன்று நாள். படுக்கப் போகும் நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறிக்க மறக்க வேண்டாம். அது இல்லாமல் இரவுக் கணக்கைப் பிரிக்க முடியாது.